கேஸ் ஃபிரிட்ஜ்: மலைக்குக் கிளம்பும் முன்

வால்பாறைக்கோ ஊட்டிக்கோ வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் தங்கப் போகிறவர்களில் சிலரிடம் கேஸிலும் கரண்டிலும் ஓடும் சிறிய ஃபிரிட்ஜ் இருக்கிறது. பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். 'நம்ம ஊர் சிலிண்டரில் மாட்டலாமா?', 'ஏன் சரியாகக் குளிர்வதில்லை?' என்பவைதான் அவர்கள் கேட்கும் கேள்விகள். மாட்டலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. அடுப்பை நீங்கள் பக்கத்தில் நின்று எரிக்கிறீர்கள். இந்த ஃபிரிட்ஜின் சுடர் நீங்கள் தூங்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். எனவே அடுப்புக்குக் காட்டும் கவனத்தைவிட இதற்குக் கூடுதல் கவனம் தேவை.

முதலில் இது இயங்கும் விதம். ஸ்வீடனில் 1922-இல் பல்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய முறை இது. இதில் கம்ப்ரஸர் கிடையாது. பின்பக்கக் குழாய்களுக்குள் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைபட்டிருக்கின்றன. கீழே எரியும் சிறு சுடர் நீரிலிருந்து அம்மோனியாவைப் பிரித்து மேலே அனுப்புகிறது. அது குளிர்ந்து திரவமாகி, பிறகு ஹைட்ரஜனோடு கலந்து ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. தங்கும் விடுதி அறைகளில் சத்தமே இல்லாமல் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜ்களில் பலவும் இதே வகைதான், அவற்றில் சுடருக்குப் பதில் மின்சூடு. திரவத்தைத் தள்ள மோட்டார் இல்லாததால் அது தன் எடையால்தான் கீழே வழிந்து திரும்ப வேண்டும். ஆகவே ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் ஓட்டம் நின்றுவிடும்.

இணைப்பில் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தம். நம் வீட்டு ரெகுலேட்டர் ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் விடும்படி செய்யப்பட்டது. உங்கள் ஃபிரிட்ஜின் பின்புறத் தகட்டில் எத்தனை மில்லிபார் என்று எழுதியிருக்கும். 30 என்றிருந்தால் பொருந்தும். ஆஸ்திரேலியப் பெட்டிகளில் 2.75 கிலோபாஸ்கல் என்றிருக்கும், அது 27.5 மில்லிபார், கிட்டத்தட்ட நம்முடையதுதான். ஜெர்மனியிலிருந்து வந்த சில பெட்டிகளில் 50 என்றிருக்கும். அதை நம் ரெகுலேட்டரில் மாட்டினால் சுடர் சோர்ந்து எரியும். அதற்காகக் கடை அடுப்புக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரை மாட்டுவது பெரும் ஆபத்து. தகட்டில் உள்ள எண்ணும் ரெகுலேட்டரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கேஸில் ஓட்டாதீர்கள். கரண்டில் மட்டும் ஓட்டுங்கள்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மரை பொருந்தவில்லை என்றால் உடனே பக்கத்துப் பட்டறைக்குப் போய் லேத்தில் ஒரு பித்தளை அடாப்டர் கடைந்து வாங்கிவிடலாம் என்று நமக்குத் தோன்றும். பம்ப்பும் மோட்டாரும் செய்யும் ஊரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சில நாடுகளின் கேஸ் இணைப்புகளில் மரை இடப்புறமாகத் திருகும், வேறு சிலவற்றில் மரையின் இடைவெளியே வேறு. கண்ணுக்கு இறுகியதுபோல் தெரிந்தாலும் வேன் குலுங்கும்போது அது நெகிழும். அதன் மேல் வெள்ளை டேப்பைச் சுற்றினாலும் பயனில்லை. எல்பிஜி இணைப்பில் பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு, கேஸுக்கென்றே தயாரித்த இணைப்பானை மாட்டுங்கள். டியூப் கம்பி வலை பொதிந்த 'சுரக்ஷா' வகையாக இருக்கட்டும். அதில் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சிலிண்டரைப் பொறுத்தவரை, விநியோகஸ்தர்களிடம் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரே போதும். சிறிய ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய கால் கிலோ கேஸ்தான் எடுக்கும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து குட்டிச் சிலிண்டருக்குக் கேஸ் ஏற்றித் தருகிறவர்களிடம் போகாதீர்கள். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. ரயிலில் சிலிண்டர் கொண்டுபோகக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சாலைப் பயணத்திலும் வண்டி ஓடும்போது சுடரை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும்.

மாட்டியதும் சோப்பு நுரையை எல்லா இணைப்புகளிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் எவருக்கும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஃபிரிட்ஜைக் குழியிலோ கூடாரத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ எரிய விடாதீர்கள். மூடிய இடத்தில் சுடர் கார்பன் மோனாக்சைடை (மணமோ நிறமோ இல்லாத நச்சு வாயு) வெளியிடலாம். உள்ளே இருப்பவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வர வேண்டும். கேஸ் நாற்றம் வந்தால் வால்வை மூடுங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், 1906 என்ற எண்ணை வெளியே தள்ளி நின்று அழையுங்கள்.

இனிக் குளிராத பிரச்சினை. பதற்றப்பட வேண்டாம், பெரும்பாலும் ஃபிரிட்ஜ் கெட்டிருக்காது. முதலில் சமதளத்தில் வைத்து, பின்பக்கம் காற்றோட்டம் விட்டு, நான்கைந்து மணி நேரம் கரண்டில் ஓட்டுங்கள். கரண்டில் குளிர்ந்து கேஸில் குளிராவிட்டால் கோளாறு பர்னர் பக்கத்தில்தான். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பர்னருக்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும், அல்லது புகைப்போக்கியின் துரு விழுந்திருக்கும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகப் புகையும். ஊசியால் ஜெட்டை (கேஸ் வெளிவரும் நுண்துளை) குத்தினால் துளை பெரிதாகிவிடும். மெக்கானிக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சுத்தம் செய்வதே சரி. பற்றிய சுடர் குமிழை விட்டதும் அணைந்தால், அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் தெர்மோகப்பிள் (சுடரின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்துவைக்கும் கம்பி) தேய்ந்திருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். கம்பியைக் கட்டி வால்வைத் திறந்தே வைக்கும் குறுக்குவழி, சுடர் அணைந்த பிறகும் கேஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஊட்டி போன்ற, 7,000 அடிக்கு மேலான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் நல்ல பர்னரே தடுமாறலாம். அங்கே கரண்டுக்கு மாற்றுங்கள்.

கரண்டிலும் குளிராவிட்டால், ஒரு நாள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பிச் செய்யாதீர்கள். பின்பக்கம் மஞ்சள் கறையோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியோ இருந்தால் குழாய் கசிந்துவிட்டது என்று பொருள். சுடரை அணைத்துத் திறந்தவெளியில் வைத்துவிடுங்கள். அதை ஒட்டவைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

இன்சுலின் கொண்டுபோகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். இவ்வகைப் பெட்டி வெளி வெப்பத்தைவிட 25 முதல் 30 டிகிரிதான் குறைக்கும். சித்திரை வெயிலில் நிழலிலேயே 37 டிகிரி என்றால் உள்ளே 7 முதல் 12 டிகிரி வரை இருக்கும். இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், பெட்டியை நிழலில் வையுங்கள், முந்தின இரவே வீட்டில் கரண்டில் குளிரவிட்டு, குளிர்ந்த பொருள்களையே அடுக்குங்கள். ஊர் திரும்பியதும் டியூபைக் கழற்றி, பர்னர் பக்கத்தைத் துணியால் மூடி, கதவை இடைவெளி விட்டுத் திறந்து வையுங்கள். சிலிண்டர் காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து நிற்கட்டும்.