பள்ளிக்கூடம் மூடினாலும் மாணவர் மன்றம் மூடலாகாது



கடைக் கதவை அடைத்த நாளிலும் வியாபாரி சும்மா இருப்பதில்லை. வரவேண்டிய பாக்கியைக் கேட்கிறோம். சரக்குக்குச் சொல்லி வைக்கிறோம். வாடிக்கைக்காரர் வேறு கடைக்குப் போய்விடாதபடி ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்கிறோம். கதவு மூடியிருந்தாலும் தொடர்பு அறுந்து போகாமல் காப்பதே தொழிலின் உயிர் என்பதை நாம் அனுபவத்தால் அறிந்திருக்கிறோம். ஆனால் பள்ளிக்கூடக் கதவு மூடினால் மட்டும், "இனித் திறக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம்" என்று நம் பிள்ளைகளை விட்டுவிடுகிறோம். இது சரிதானா என்பதை இந்த மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

நம் ஊருக்கு இது ஏன் அவசியம்?

பாசிர் கூடாங் துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். அவற்றால் நமக்குப் பிழைப்பு உண்டு. அவற்றால் ஆபத்தும் உண்டு. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் தேதி கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டிப் போனார்கள். அதிலிருந்து எழுந்த நச்சுக் காற்றால் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவம் தேடினார்கள். அம்மாதம் 13ஆம் தேதி இவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடும்படி கல்வி அமைச்சு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மறுபடியும் பிள்ளைகளுக்கு வாந்தியும் மயக்கமும் கண்டன. 25ஆம் தேதி முதல் மூன்று நாள் மழலையர் பள்ளிகளையும் சேர்த்து 475 கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. செப்டம்பரில் புகைமூட்டம் வந்து நாட்டின் பல மாநிலங்களில் பள்ளிகளை அடைக்கச் செய்தது.

அந்த ஆண்டு கழிந்ததும் பெருநோய் வந்தது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலாயிற்று. பெரிய தேர்வு எழுதுவோர் ஜூன் 24ஆம் தேதியும், ஏனையோர் ஜூலையில் படிப்படியாகவும் பள்ளி திரும்பினர். நவம்பரில் மீண்டும் மூடல். 2021ஆம் ஆண்டிலும் திறப்பதும் மூடுவதுமாகவே அக்டோபர் வரை காலம் சென்றது. ஜொகூரில் வழிவழியாக நடந்துவரும் பிற்பகல் சமயப் பள்ளிகளுக்கும் இதே கதிதான். 2023 மார்ச்சில் ஜொகூர் வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிக்கூடங்கள் சில துயர்துடைப்பு மையங்களாயின.

ஆலைக் கழிவு, புகை, நோய், வெள்ளம் என்று நான்கு காரணங்களை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். ஐந்தாவது எதுவென்று அல்லாஹ்வே அறிவான். ஆகவே பள்ளி மூடும் நாள் இனி வராது என்று எண்ணி இருத்தல் அறிவுடைமையாகாது.

மன்றத்தால் வரும் நன்மை யாது?

நம் நாட்டுப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவரும் சீருடை இயக்கம் ஒன்றிலும், கழகம் அல்லது சங்கம் ஒன்றிலும், விளையாட்டு ஒன்றிலும் சேருகின்றனர். பல்கலைக்கழக நுழைவுக்கு நூற்றில் தொண்ணூறு பங்கு தேர்வுக்கும் பத்துப் பங்கு இத்தகைய புறப்பாட நடவடிக்கைகளுக்கும் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. ஆயின் புள்ளியை விடப் பெரிய நன்மை ஒன்று இதில் இருக்கிறது.

மன்றத்தில் ஒரு சிறுவன் தலைவனாகிறான். ஒரு சிறுமி செயலாளராகி நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறாள். இன்னொருவன் பொருளாளனாகிப் பத்து வெள்ளிக்குக் கணக்குக் காட்டுகிறான். முன்பின் தெரியாதவர் முன் எழுந்து பேசவும், தன் கருத்துக்கு மாறாகப் பேசுகிறவனைப் பொறுமையாகக் கேட்கவும், ஒப்புக்கொண்ட வேலையைத் தேதி தவறாமல் முடிக்கவும் அங்கே பழகுகிறார்கள். ஒரு வியாபாரிக்கு இவற்றைவிட வேறென்ன முதல் வேண்டும்?

பெருநோய்க் காலத்தில் பாடங்களுக்கு ஏதோ ஒரு வழி செய்யப்பட்டது. வீட்டிலிருந்து கற்பித்தல் நடந்தது. 2021 பிப்ரவரி 17ஆம் தேதி கல்விக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசையும் தொடங்கப்பட்டது. ஆனால் மன்றத்தைப் பற்றிக் கேட்டவர் சொற்பமே. அதன் நஷ்டம் உடனே தெரியவில்லை. மளிகைக் கடைகள் திறந்திருக்க அனுமதி இருந்தபடியால், பள்ளியில்லாத மூத்த பையன் அத்தாவுக்கு ஒத்தாசையாகக் கல்லாவில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததில் தவறில்லை. கையில் காசு புழங்கியது, தோழர் தொடர்பு அறுந்தது, "பள்ளி திறந்துவிட்டது, வருகிறாயா?" என்று கேட்க ஒருவருமில்லை. அப்படி உட்கார்ந்தவர்களில் சிலர் பள்ளிக்குத் திரும்பவேயில்லை. நம் கடைவீதிகளில் அத்தகைய பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். வாரத்தில் ஒரு நாள் அவன் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு மன்றம் இருந்திருக்குமானால், அவர்களில் ஒருவனேனும் வகுப்புக்குத் திரும்பியிருக்கக் கூடுமல்லவா?

முன்னோர் காட்டிய வழி

கூடாமலே கூடுவது புதிய காரியமன்று. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது பள்ளிகள் திறக்கப்படவில்லை. வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கின. செய்தித்தாள்கள் பாட அட்டவணையை வெளியிட்டன. பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே பாடம் கேட்டார்கள். நம் நாட்டிலும் 1972 முதல் கல்வித் தொலைக்காட்சி நடந்தது. ஆனால் இவ்விரண்டிலும் பிள்ளை கேட்பவனே தவிரப் பேசுபவன் அல்லன்.

மன்றத்துக்குப் பொருத்தமான முன்மாதிரி நம் தமிழிலேயே இருக்கிறது. 1950களில் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் தம் பத்திரிகையின் வாயிலாக மாணவர் மணிமன்றத்தை நடத்தினார். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்த பிள்ளைகள், ஒருவரையொருவர் பாராமலே, எழுதி அனுப்பி, அச்சில் தம் பெயரைக் கண்டு ஊக்கமடைந்தார்கள். பின்னாளில் எழுத்தாளரும் ஆசிரியருமாகப் பெயர் பெற்றோர் பலர் அதில் பயின்றவர்களே. கட்டடம் இல்லை, முகம் தெரியாது, ஆயினும் மன்றம் நடந்தது. எழுதியதற்கு மறுமொழி வந்தது என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். கடிதத்தில் முடிந்தது கைபேசியில் முடியாதா?

முதல் தடை எது?

கைபேசிதான் முதல் தடை. 2020ஆம் ஆண்டு கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், நூற்றுக்கு 36.9 மாணவர்களிடம் எவ்விதச் சாதனமும் இல்லை என்று தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேரே. நம் வியாபாரக் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் கைபேசி இருக்கும். ஆனால் அது அத்தாவின் சட்டைப் பையில் கடைக்குப் போய்விடும். சரக்கு ஆர்டரும் பணப் பட்டுவாடாவும் அதிலேயே நடக்கின்றன. பகல் பதினொரு மணிக்கு மன்றம் கூட்டினால் நம் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? கடைச் சிப்பந்தியின் பிள்ளைக்கும், கணவனை இழந்த தாயின் பிள்ளைக்கும் அதுவும் கிடையாது. யார் வரவில்லை என்று பாராமல், வந்தவர்களை எண்ணி மகிழ்வது நட்டத்தை எழுதாமல் இலாபத்தை மட்டும் எழுதும் பேரேடு போன்றது.

நடத்தும் முறை

1. எண்ணிக்கை: ஒரு குழுவுக்குப் பத்திலிருந்து பதினைந்து பிள்ளைகள் போதும். அதற்கு மேற்பட்டால் பேசுகிறவனே பேசுவான், கூச்சமுள்ளவன் ஒளிந்துகொள்வான்.

2. நேரம்: வாரம் ஒரு முறை, இஷாத் தொழுகைக்குப் பின், நாற்பது நிமிடம். ஜூம் செயலியின் இலவசக் கணக்கும் அந்த நாற்பது நிமிடமே தருகிறது. அன்று அந்நேரத்துக்குக் கைபேசியை வீட்டுக்குக் கொண்டு வருவது தகப்பனாரின் கடமை என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

3. செலவு: முகம் காட்டிப் பேசினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிகாபைட் தரவு கரையும். குரல் மட்டுமென்றால் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே தொடக்கத்தில் ஸலாம் சொல்லும்போது முகம் காட்டட்டும். பின்பு குரலே போதும்.

4. பொறுப்பு: தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பிள்ளைகளே ஆகவேண்டும். இரண்டு மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். பெரியவர் நடத்தினால் அது இன்னொரு வகுப்பாகிவிடும்.

5. காவல்: ஒவ்வொரு கூட்டத்திலும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்மணியாயிருத்தல் நலம். அவர்கள் வாய் பேசாமல் கவனித்திருந்தால் போதும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே செய்தி பரிமாறலாகாது. கூட்டத்தின் இணைப்பைப் பொதுக் குழுக்களில் இடலாகாது. பதிமூன்று வயதுக்குட்பட்டோருக்குத் தனியே வாட்ஸப் கணக்கு வேண்டாம். அவர்களுக்குரிய செய்தி பெற்றோர் எண்ணுக்கே செல்லட்டும்.

6. இடைவேலை: கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு பணி வேண்டும். ஒரு பக்கம் எழுதுவது, நன்னியிடம் கேட்ட பழைய செய்தியைக் குரலில் பதிந்து அனுப்புவது, ஒரு வாரம் மழையளவு குறிப்பது போன்றவை தக்கன. அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாளுக்குள் மறுமொழி போகவேண்டும். மணிமன்றத்தின் பாடம் இதுவே.

7. வராதவர்: இரண்டு முறை வராத பிள்ளையின் வீட்டுக்குச் செயலாளர் தொலைபேச வேண்டும். மூன்றாம் முறை பெரியவர் ஒருவர் பெற்றோரை விசாரிக்க வேண்டும். தண்டிப்பதற்காக அல்ல, காரணம் அறிந்து உதவுவதற்காக.

ஒரு கூட்டத்தின் அட்டவணை

முதல் ஐந்து நிமிடம் கிராஅத்தும் வருகைப் பதிவும். அடுத்த ஐந்து நிமிடம் சென்ற கூட்டக் குறிப்பு. பின்பு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடமாகத் தமிழில் பேசுவது. அதன்பின் பதினைந்து நிமிடம் ஒரு கேள்வியைப் பற்றி வாதம். உதாரணமாக, 'கடன் கொடுக்கும் கடை வளருமா, தேயுமா?' என்று வைத்தால் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். மீதி நேரத்தில் அடுத்த வாரப் பணியும் துஆவும்.

தமிழில் என்று நாம் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளியில் மலாய் மொழியில் படிக்கிறார்கள். அது நன்று, அதனால் நாட்டோடு ஒட்டி வாழ்கிறார்கள். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாத தலைமுறை ஒன்று நம் கண்முன்னே வளர்கிறது. இணையவழி மன்றத்தில் பனைக்குளத்திலோ கீழக்கரையிலோ இருக்கும் சிற்றப்பா பிள்ளைகளும் சேர்ந்து பேசலாம். பள்ளிக் கட்டடத்துக்குள் நடக்கும் மன்றத்தில் இது இயலாத காரியம்.

ஒரு நியாயமான ஆட்சேபம்

"கைபேசியால் பிள்ளைகள் கெடுகிறார்கள், நீங்கள் மேலும் கொடுக்கச் சொல்கிறீர்களே" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமே. பள்ளி மூடிய நாட்களில் பிள்ளையின் கையில் எப்படியும் கைபேசி இருக்கத்தான் போகிறது. தனியே விளையாட்டில் மூழ்கும் நான்கு மணி நேரத்துக்கும், பெயர் சொல்லி அழைக்கப்பட்டு வேலை ஒப்படைக்கப்படும் நாற்பது நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் கைபேசியைத் திரும்ப வாங்கி வைக்கும் உறுதி நம்மிடம் வேண்டும்.

அதுபோலவே, இணையக் கூட்டம் நேர்க் கூட்டத்துக்கு ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஓதலை உஸ்தாதின் முன் அமர்ந்து, வாயசைவு பார்த்துக் கற்பதே நம் மரபு. பந்தடிக்கும் மகிழ்ச்சியைத் திரையில் பெற முடியாது. பள்ளி திறந்த வாரமே பிள்ளைகளை நேரில் கூட்டி ஒரு வேளை உணவளித்து, மன்றத்தைப் பள்ளியிடமே ஒப்படைத்துவிட வேண்டும். மழை ஓய்ந்தபின் குடையை மடக்கி வைக்கிறோம். ஆனால் எறிந்து விடுவதில்லை.

இப்போது செய்யவேண்டியது

மழை பெய்யும்போது குடை வாங்க ஓடுவது சிரமம். பள்ளிகள் திறந்திருக்கும் இந்த நாளிலேயே மூன்று காரியங்கள் செய்து வைக்கலாம். முதலாவது, நம் ஜமாஅத்துப் பிள்ளைகளின் பட்டியல்: பெயர், வகுப்பு, பெற்றோர் எண், வீட்டில் கைபேசி உண்டா என்ற நான்கு விவரங்கள். கடைச் சிப்பந்திகளின் பிள்ளைகள் அதில் விடுபடலாகாது. இரண்டாவது, நம் வீடுகளில் மேசை அறைக்குள் தூங்கும் பழைய கைபேசிகளைப் பழுது பார்த்துச் சங்கத்தில் ஒப்படைப்பது. புதிது வாங்கும்போது பழையதைச் சொற்ப விலைக்கு மாற்றுவதைவிட, ஒரு பிள்ளையின் கல்விக்கு ஸதகாவாகக் கொடுப்பது நிலைத்த இலாபம். கொடுத்ததையும் இரவல் போனதையும் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, பள்ளி நடக்கும் காலத்திலேயே மாதம் ஒரு முறை இணையவழி ஒத்திகை பார்ப்பது. பழகாத பாதையில் அவசரத்தில் ஓட முடியாது.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வாரத்தில் நாற்பது நிமிடமும், ஒரு கைபேசியும், வராத பிள்ளையை விசாரிக்கும் மனமும் இருந்தால் போதும். நம் பிள்ளைகளில் ஒருவரேனும் ஆளற்றுப் போய்ப் படிப்பை விட்டார் என்ற சொல் இனி நம் கடைவீதியில் எழாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை. அதற்கு வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.