சதுரத்தைச் சாய்த்துக் காட்டுங்கள்

“சதுரத்துக்கு எத்தனை பக்கம்?” “நாலு!” “எத்தனை மூலை?” “நாலு!” அட்டன் பக்கமோ நானுஓயா பக்கமோ, ஒரு தோட்டப் பாடசாலையின் ஜன்னலோரம் சற்று நேரம் நின்றால் இந்தப் பாட்டு காதில் விழும். பிள்ளைகள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அதே பதில் செவ்வகத்துக்கும் பொருந்தும், சாய்சதுரத்துக்கும் பொருந்தும், கோணல்மாணலாக இழுத்த எந்த நாற்பக்கலுக்கும் பொருந்தும். சதுரத்தைச் சதுரமாக்குவது எது என்பது அந்தப் பாட்டில் இல்லவே இல்லை.

சந்தேகமிருந்தால் ஒரு சதுர அட்டையை எடுத்து, மூலை கீழே வரும்படி சாய்த்துப் பிடித்து, இது என்னவென்று கேளுங்கள். வகுப்பில் பாதிப்பேர் “டயமண்ட்” என்பார்கள். அட்டை அதேதான், பக்கமும் மாறவில்லை, மூலையும் மாறவில்லை. அவர்கள் படித்து வைத்திருந்தது சதுரத்தின் பண்பை அல்ல, சதுரம் உட்காரும் விதத்தை. ஒரு சாண் சமதரைகூட மனிதன் வெட்டித்தான் கிடைக்கும் மலைநாட்டில் பிள்ளைகளுக்குச் சாய்ந்த பொருள் புதிதல்ல. புத்தகத்தில்தான் எல்லா உருவமும் நிமிர்ந்தே நிற்கிறது.

கீழே வருபவை முன்பள்ளியிலிருந்து ஐந்தாம் தரம் வரை கற்பிப்பவர்களுக்கும், வீட்டில் தம்பி தங்கைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் அக்கா அண்ணன்மாருக்கும்.

செய்ய வேண்டியவை

உருவத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள். கரும்பலகையில் வரையும் முக்கோணி எப்போதும் அடிப்பக்கம் தரையில் படுத்து, மூன்று பக்கமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. தலைகீழாக ஒன்று வரையுங்கள். ஊசிபோல ஒடுங்கியது ஒன்று, லயத்துக் கூரையின் பக்கச் சுவர்போலத் தட்டையானது ஒன்று. “இது முக்கோணி மாதிரி இல்லையே டீச்சர்” என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அதைத் திருத்த அவசரப்படாமல், “ஏன் இல்லை? எண்ணிப் பார்” என்று அந்தப் பிள்ளையிடமே விடுங்கள்.

கையால் கட்டவையுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்கு வரும் குச்சிகளில் ஓரளவு நேரானவற்றைப் பொறுக்கி, ஒரே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கினால் மூட்டுக் கட்ட அது போதும். மூன்று குச்சியைக் கட்டி முக்கோணி செய்து, பக்கத்தைப் பிடித்துத் தள்ளச் சொல்லுங்கள். அசையாது. நான்கு குச்சியில் சதுரம் கட்டித் தள்ளச் சொல்லுங்கள். சரிந்து சாய்சதுரமாகிவிடும். இங்கே நிறுத்திக் கேளுங்கள்: குச்சி நீண்டதா? இல்லை. எது மாறியது? மூலை. சதுரத்துக்கு நான்கு சமபக்கம் மட்டும் போதாது, நான்கு செங்கோணமும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கத்தாலும் சொல்ல முடியாது. இப்போது மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சி ஒன்றைக் கட்டுங்கள். அது மற்றவற்றைவிட நீளமாக இருக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கட்டியதும் சதுரம் அசையாமல் நிற்கும், ஏனென்றால் அதற்குள் இப்போது இரண்டு முக்கோணி இருக்கிறது. மலைக்கு மலை நிற்கும் மின்சாரக் கோபுரத்தில் ஏன் இத்தனை குறுக்குக் கம்பி என்று பிறகு கேட்டுப் பாருங்கள்.

அதே குச்சிகளில் 4 அங்குலம், 5 அங்குலம், 12 அங்குலம் என்று மூன்றை ஒரு பிள்ளையிடம் கொடுத்து முக்கோணி கட்டச் சொல்லுங்கள். முடியாது. சிறிய இரண்டும் சேர்ந்தாலும் பெரியதை எட்டாது. முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் திணறட்டும்.

ஆளுக்கொரு செங்கோணம் கொடுங்கள். மூலைமட்டம் எல்லாப் பிள்ளையிடமும் இருக்காது, தேவையுமில்லை. எந்தக் கிழிந்த கடதாசியையும் ஒருமுறை மடியுங்கள். அந்த மடிப்புக் கோடு தன்மேலேயே விழும்படி மறுபடி மடியுங்கள். மூலையில் கிடைப்பது செங்கோணம். அதை எடுத்துக்கொண்டு கொப்பி, மேசை, ஜன்னல், கதவு என்று பிள்ளைகள் சுற்றிவரட்டும். வீட்டுக்கும் கொண்டுபோகட்டும். வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் கதவு நிலை பல இடங்களில் இறங்கிப்போயிருக்கும், கடதாசி பொருந்தாது. அப்போது “என் மூலை பிழையா, கதவு பிழையா?” என்று யோசிக்கும் பிள்ளை செங்கோணத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை.

கொழும்பில் மேசன் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் மாமாவிடம் கேட்டால் இன்னொரு வழி சொல்வார். அத்திவாரத்துக்கு நூல் கட்டும்போது ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி அளந்து குறி போட்டு, இரண்டு குறிக்கும் இடையில் 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூலை செங்கோணம். கடைசியில் மூலைக்கு மூலை அளந்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்றும் சரிபார்ப்பார்கள். பழைய லயக் காம்பராவுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 10 அடிக்கு 12 அடி. அது ஒழுங்கான செவ்வகமாக இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் சுமார் 15 அடி 7 அங்குலம் வரவேண்டும். ஒரு கயிறு இருந்தால் நான்காம் தரப் பிள்ளையே அளந்து பார்க்கலாம். அந்த மாமாவை ஒருநாள் வகுப்புக்கே கூப்பிட்டாலும் தப்பில்லை. ஒன்பதாம் தரத்தோடு படிப்பை விட்டவர் என்று தயங்கவேண்டாம். அவர் செய்வது கேத்திர கணிதம்தான்.

வட்டத்தை நடந்து வரையவையுங்கள். ஒரு பிள்ளை கயிற்றின் நுனியைப் பிடித்து நடுவில் நிற்கட்டும். மற்றப் பிள்ளை கயிற்றை இழுத்துப் பிடித்தபடி, கையிலுள்ள குச்சியால் மண்ணில் கீறிக்கொண்டே சுற்றிவரட்டும். கயிறு தொய்ந்தால் வட்டம் கெடும். நடுவிலிருந்து எல்லா இடமும் ஒரே தூரம் என்பதைக் கையிலேயே உணர்ந்தபிறகு ஆரை என்ற சொல்லைச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் கவராயம் வேண்டாம், முள் குத்தும். இதற்கு முற்றமும் காய்ந்த தரையும் தேவை. அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை விடாது. வெளிவேலைகளை முதலாம் தவணையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வகுப்புத் தரையில் வெண்கட்டியால் வரையலாம்.

அல்லாததையும் காட்டுங்கள். ஒரு பக்கம் வளைந்த “முக்கோணி”, மூலை மூடாத “சதுரம்”, நீட்டி இழுத்த “வட்டம்”. எது சேரும், எது சேராது, ஏன்? இந்த “ஏன்” இல்லாமல் உருவங்களைப் பிரித்து அடுக்குவது வெறும் விளையாட்டு.

டின்மீன் டின்னின் தாளைக் கழற்றுங்கள். மூடியின் வெட்டு விளிம்பைத் தட்டி மழுக்கிய பிறகுதான் பிள்ளையின் கையில் கொடுக்கவேண்டும். அடியை ஈர மண்ணில் அழுத்தினால் வட்டம் பதியும். சுற்றியிருக்கும் தாளை நேராக வெட்டி விரித்தால் செவ்வகம். அதன் நீளம் டின்னின் விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். ஐந்தாம் தரத்தில் இதை நூலால் அளக்கவிடலாம். நெருப்புப்பெட்டியை விரித்தாலும் நல்ல பாடம்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. இந்திய வீட்டுத் திட்டத்தில் தோட்டக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஏழு பேர்ச் நிலம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,906 சதுர அடி. ஆனால் ஏழு பேர்ச் என்றால் என்ன வடிவம்? எந்த வடிவமும் இல்லை. சதுரமாகவும் இருக்கலாம், ஒடுங்கிய செவ்வகமாகவும் இருக்கலாம், சரிவில் வெட்டியதென்றால் சரிவகமாகவும் இருக்கலாம். கட்டக் கொப்பியில் 36 கட்டத்தை எடுத்து, எத்தனை விதச் செவ்வகம் வரையலாம், எதற்கு வேலி அதிகம் தேவை என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களும் கொப்பியை எட்டிப் பார்ப்பார்கள்.

செய்யக்கூடாதவை

சதுரம் செவ்வகம் அல்ல என்று சொல்லாதீர்கள். செவ்வகத்துக்கு வேண்டியது நான்கு செங்கோணம். சதுரத்துக்கும் அது இருக்கிறது. ஆகவே சதுரமும் செவ்வகம்தான், பக்கங்களும் சமமாக அமைந்த செவ்வகம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் “நீளம் வேறு, அகலம் வேறாக இருந்தால்தான் செவ்வகம்” என்று இன்று சொன்னால், மேல் வகுப்பில் இன்னொரு ஆசிரியர் அதை அழிக்கவேண்டிவரும். அழிப்பது கற்பிப்பதைவிடக் கஷ்டம்.

பந்தை வட்டம் என்று சொல்லாதீர்கள். பந்து கோளம். ரொட்டியைக் காட்டி வட்டம் என்பது பரவாயில்லை. டின்னைக் காட்டி வட்டம் என்றால் அதன் முகத்தைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பெயரிலிருந்து தொடங்காதீர்கள். நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த டீனா, பியர் வான் ஹீலே தம்பதியர் 1957இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வுகள் இதைத்தான் விளக்கின. பிள்ளை முதலில் உருவத்தை முழுசாகத்தான் பார்க்கிறது: “கதவு மாதிரி இருக்கு”. பிறகுதான் பக்கம், மூலை என்று பண்புகள் கண்ணில் படுகின்றன. அதற்கும் பிறகுதான் ஒரு பண்பு இன்னொன்றோடு எப்படித் தொடர்புபட்டது என்பது புரிகிறது. ஒரு படியைத் தாண்டி அடுத்ததில் குதிக்க முடியாது; வயது ஏறினால் தானாக ஏறிவிடுவதுமில்லை, செய்து பார்த்தால்தான் ஏறும். ஆசிரியர் மூன்றாம் படியில் நின்று “எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமானவை” என்று பேச, பிள்ளை முதல் படியில் நின்று கேட்டால், இருவரும் ஒரே மொழியைப் பேசியும் பயனில்லை. புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வரவர நாம் செய்வது பெரும்பாலும் இதுதான். கடந்த வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்வதால் புள்ளி கூடலாம், உருவம் புரியாது.

கண்ணை மட்டும் நம்பவைக்காதீர்கள். சிவனொளிபாத மலையுச்சியில் விடியற்காலையில் நின்றால் மலையின் நிழல் மேற்கே அச்சொட்டான முக்கோணியாக விழுவதைப் பார்க்கலாம். நல்லதண்ணிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். மலை முக்கோணி, அதனால் நிழலும் முக்கோணி என்று விளக்கிவிடுவது எளிது, அது சரியல்ல. உச்சியில் நின்று மிக நீண்ட நிழலை அதன் நீளவாக்கில் பார்க்கிறோம். தண்டவாளம் தூரத்தில் ஒன்றாய்ச் சேர்வதுபோல நிழலின் இரண்டு ஓரமும் சேர்வதாகத் தெரிகிறது. வேறு வடிவமுள்ள மலையும் இப்படி முக்கோணி நிழலைத் தரும். தண்டவாளமும் சேர்வதில்லை. நம் மலைநாட்டுப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 5 அடி 6 அங்குலம். அது பார்வை எட்டும் இடத்தில் குறைந்துவிடுவதில்லை. சமாந்தரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் பாடத்துக்காகப் பிள்ளைகளைத் தண்டவாளத்தில் ஏற்றாதீர்கள். நிலைய மேடையிலிருந்து காட்டினால் போதும்.

எல்லாவற்றையும் தேயிலைக்குள் அடக்காதீர்கள். தோட்டப் பிள்ளை என்றதும் கொழுந்துக் கூடையையும் மட்டக்கம்பையும் எடுத்துவரும் பழக்கம் பயிற்சிப் பட்டறைகளில் அதிகம். உதாரணம் அருகில் இருக்கவேண்டும் என்பது சரி. ஆனால் மூன்றாம் தரப் பிள்ளையின் உலகத்தில் கெரம் பலகை இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது, அப்பாவின் போன் இருக்கிறது. கெரம் பலகையில் சதுரமும் வட்டமும் சேர்ந்தே கிடைக்கும். கிரிக்கெட் ஆடுகளம் 22 யார் நீளம், 10 அடி அகலம். இவ்வளவு ஒடுங்கிய செவ்வகத்தைச் செவ்வகமென்று ஒப்புக்கொள்ளவே பிள்ளைகள் யோசிப்பார்கள், அதனாலேயே அது நல்ல உதாரணம். அம்மா செய்யும் வேலை மதிப்புக்குரியது. அதற்காகக் கணிதக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் அதே மலையைக் காட்டினால், பிள்ளை வேறு எங்கும் போகவேண்டியதில்லை என்று நாமே சொல்வதுபோல் ஆகிவிடும்.

வடிவப் பெட்டி வாங்கிவரச் சொல்லாதீர்கள். நாட்சம்பளக் குடும்பத்திடம் பிளாஸ்டிக் உருவங்களுக்குக் காசு கேட்பது அநியாயம். இந்தப் பாடங்களுக்குத் தேவையானது குச்சி, டியூப், கயிறு, பழைய அட்டைப்பெட்டி, கடதாசி.

பிழையான விடையில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு நகராதீர்கள். “டயமண்ட்” என்ற பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து, தானே திருப்பிப் பார்க்கவிடுங்கள்.

வீட்டில் பயன்படாத சைக்கிள் டியூப் கிடந்தால் எறிந்துவிடாமல், பக்கத்துப் பாடசாலையில் முதலாம் தரம் படிப்பிக்கும் டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். வகுப்பு முழுவதற்கும் மூட்டுக் கட்ட ஒரு டியூப் போதும்.