எலும்பினுள் நகரும் பல்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் புத்தலப்பட்டு உள்ளது. அப்பகுதியில் தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கும். நாம் ‘பல்’ என்பதைத் தெலுங்கில், ஒன்றாயின் ‘பன்னு’ என்றும் பலவாயின் ‘பள்ளு’ என்றும் கூறுவர்.

அவ்வூரில் இருபது வயது இளைஞர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் பற்களைச் சேர்த்துக் கடித்தால் மேல்முன்பற்கள் கீழ்முன்பற்களை முழுவதும் மறைத்துவிடுகின்றன. புகைப்படம் எடுக்கும்போது உதடுகளை இறுக மூடிக்கொள்வார். மேற்பற்கள் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவு மறைப்பது இயல்பு. அதனினும் மிகுந்தால் அது ஆழ்கடி. இது தோற்றக்குறை மட்டுமன்று. கீழ்ப்பற்கள் அண்ணத்தில் குத்திப் புண்ணாக்குவதும் உண்டு.

“இந்த வயதில் பல்லுக்குக் கம்பி கட்டி என்ன பயன்?” என வீட்டார் கேட்பர். அக்கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. இருபது வயதில் தாடையின் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். சிறுவர்க்குச் செய்வதுபோல் அவ்வளர்ச்சியை நெறிப்படுத்த இயலாது. தாடையெலும்பே பெரிதும் மாறுபட்டிருப்பின் அறுவை மருத்துவமும் தேவைப்படலாம். ஆனால் ஈறும் எலும்பும் நலமாயிருப்பின் பற்கள் எவ்வயதிலும் நகரும்.

மருத்துவர் ஒவ்வொரு பல்லிலும் ‘பிராக்கெட்’ எனும் சிறு பிடியை ஒட்டி, அவற்றின் வழியே ஒரு கம்பியைச் செலுத்துவார். நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி, வளைத்தாலும் தன் பழைய வடிவிற்கே திரும்ப முயலும். அம்முயற்சி பல்லை மெல்லத் தள்ளுகிறது. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. இவ்வாறே முன்பற்களைச் சற்று உள்ளே அமிழ்த்தியும், தேவையாயின் பின்பற்களைச் சற்று உயர்த்தியும் ஆழ்கடியைக் குறைப்பர். எலும்பு மாறும் வேகத்தைக் கடந்து பல் நகராது. திங்களுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். விசையை மிகுத்தால் வேருக்கே கேடு. ஆகவே ஒன்றரை ஆண்டோ இரண்டு ஆண்டோ காத்திருக்க வேண்டும்.

அதுவரை கரும்பைக் கடித்தல் கூடாது. கிளிமூக்கு மாங்காயையும் மெல்லிய துண்டுகளாக நறுக்கியே உண்ண வேண்டும். மாவும் கரும்பும் விளையும் சித்தூர்ச் சீமையில் இஃது எளிய நோன்பன்று!

கம்பியைக் கழற்றிய நாளில் பற்கள் ஒழுங்காய்த் தோன்றும். எனினும் வேரைச் சூழ்ந்த நார்கள் இன்னும் பழைய இடத்திற்கே இழுக்கும். பற்களை அங்கேயே நிறுத்திவைக்கும் ‘ரிடெய்னர்’ கருவியை மருத்துவர் கூறும் காலம்வரை அணிதல் வேண்டும். அதைப் பெட்டியில் வைத்து மறந்தவர்க்குப் பற்கள் மீண்டும் இடம் மாறத் தொடங்கும்.

அருஞ்சொற்பொருள்: அண்ணம் – வாயின் மேற்கூரை, திங்கள் – மாதம், நோன்பு – விரதம்.

பயிற்சி: வீட்டாரின் கேள்விக்கு அவ்விளைஞர் கூறும் மறுமொழியை ஐந்து வரிகளில் எழுதுக.