முதுபடைவீரர் ஊதியமும் பொறுப்பாளர் கடமையும்

ஒருவன் பொருளை மற்றொருவன் கையில் ஒப்புவித்தல் உலகில் பலவிடத்தும் நிகழ்வது. சிறுவர் பொருள் காப்பாளர் கையிலும், கோயிற்பொருள் தருமகர்த்தர் கையிலும், இறந்தார் பொருள் அவர்தம் உயிலை நிறைவேற்றுவார் கையிலும் இருத்தலைக் காண்கின்றோம். இங்ஙனம் பிறர்பொருட்டுப் பொருளை ஏற்று வைத்திருப்பானைப் பொறுப்பாளன் என்போம். அவன் நெறி தவறின் மிகவும் துன்புறுவார், தம் உரிமையைத் தாமே கேட்டுப் பெற இயலாதவரே. அவருள்ளும் போர்ப்பணியால் உடலோ உள்ளமோ தளர்ந்த முதுபடைவீரர் நம் சிந்தனைக்கு முதற்கண் உரியர். அவர் பெறும் உபகாரச் சம்பளமாகிய ஓய்வூதியம், பெயரளவில் உபகாரமாயினும், உண்மையில் முன்செய்த பணிக்குரிய ஊதியமே. அதனை அவர்பொருட்டு வாங்குவான் தனதாக்கிக் கொள்ளின் செய்யத்தக்கது யாது? இவ்வினாவை ஆராயுங்கால், கடலூரோடும் சிதம்பரத்தோடும் தொடர்புடைய இரண்டு பழஞ்செய்திகள் நமக்குப் பெரிதும் உதவும்.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் 1690-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினர். 1748-இல் அங்கு வந்திறங்கிய மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்பார், ஒழுங்கின்றிக் கிடந்த வீரரைத் திருத்தமான படையாக அமைத்தார். அதுபற்றியே அவரை இந்தியச் சேனையின் தந்தை என்பர். எழுத்தராக வந்த ராபர்ட் கிளைவ் 1747-இல் படைத்தொழில் ஏற்றதும், 1756-இல் துணை ஆளுநராக அமர்ந்ததும் இக்கோட்டையிலேயே. பிற்காலத்தில் வங்காள நவாப் மீர் ஜாபர் தமக்கென விட்டுச்சென்ற 5 இலட்சம் ரூபாயைக் கிளைவ் கும்பினியாரிடம் ஒப்புவித்து, 1770-இல் பத்திரம் ஒன்று எழுதுவித்தார். கும்பினிப் படையிற் பணிசெய்து தளர்ந்தோர்க்கும் அவர்தம் விதவையர்க்கும் அந்நிதி பயன்படுவதாயிற்று. ஆனால், கும்பினியார் படை வைத்தலை ஒழிப்பின் பொருள் கிளைவின் மரபினர்க்கே மீளவேண்டும் என்னும் விதியும் அப்பத்திரத்தில் இருந்தது. 1858-இல் கும்பினியாட்சி முடிவுற்று அவர் படை அரசியாரின் படையாயிற்று. மரபினர் வழக்குத் தொடுத்தனர். 1863-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை அவர் பக்கமே தீர்ப்புக் கூறிற்று.

இங்கே களவு செய்தார் ஒருவருமிலர். எனினும், படைவீரர்க்கென வைத்த முதல் அவர்க்கு உரியதன்றாய்ப் போயிற்று. பயன்பெறுவார் வாழும் காலமெல்லாம் பயன் நிலைக்குமாறு பத்திரத்தின் சொற்கள் அமையாவிடின், நேர்மையுள்ள பொறுப்பாளனாலும் அவரைக் காத்தல் இயலாது என்பது இதனாற் பெறும் முதற்பாடம்.

இரண்டாவது செய்தி படைவீரரைப் பற்றியதன்று. ஆயினும் பொறுப்பாளர் இயல்பை விளக்குவது. பெருஞ்செல்வராகிய பச்சையப்ப முதலியார் சிதம்பரம் முதலிய தலங்களின் திருப்பணிகளில் ஈடுபாடு மிக்கவர். 1794-இல் அவர் இறக்கும்போது தம் பொருளை அறங்களுக்கென உயில் எழுதிவைத்தார். உயிலின்படி நடத்தக் கடமைப்பட்டாரிடத்தே பூசல்கள் விளைந்தன, வழக்குகள் நீண்டன, குறித்த அறங்கள் குறித்தவாறு நடந்தில. கோயிலில் வழிபடுவாரோ உணவு பெறும் ஏழையரோ அவர்மேல் வழக்காடும் ஆற்றலுடையராய் இலர். அரசாங்கத் தலைமை வழக்கறிஞராகிய ஜார்ஜ் நார்ட்டன் முயன்றதனாலும், சென்னை உயர்முறை மன்றம் 1832-இல் தந்த தீர்ப்பினாலும் அப்பொருள் மீட்கப்பட்டது. மிகுந்த தொகையைக் கொண்டு 1842-இல் சென்னையிற் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. பச்சையப்பன் கல்லூரி அதன் வளர்ச்சியே. சிதம்பரத்திலும் அவர் பெயராற் பள்ளி விளங்குகின்றது.

பயன்பெறுவார் தாமே கேட்க இயலாதவிடத்து, அவர்பொருட்டுக் கேட்கும் கடமையுடையார் ஒருவர் வெளியே இருத்தல் வேண்டும் என்பது இரண்டாம் பாடம். கேட்பார் இல்லாத காலமெல்லாம் அறம் உறங்கிற்று. கேட்பார் தோன்றியபின் அதே பொருள் கல்விச்சாலையாயிற்று.

இவ்விரு பாடங்களையும் கொண்டு இக்காலச் சட்டங்களை நோக்குவோம். 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், கடன் கொடுத்தார் நீதிமன்றத்தின்வழி அரசாங்க ஓய்வூதியத்தைப் பற்றுதலைத் தடுக்கின்றது. இனிமேல் வரவேண்டிய ஓய்வூதியத்தை முன்னரே பிறர்க்கு எழுதிக்கொடுப்பினும் அவ்வெழுத்துச் செல்லாது. இறந்த வீரரின் இளஞ்சிறார்க்கு 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் துணை. நீதிமன்றம் அமர்த்திய காப்பாளன், மன்றம் பணிப்பின் ஆறு திங்களுள் சொத்துப் பட்டியலும் குறித்த காலங்களிற் கணக்கும் தரவேண்டும்; இசைவின்றி நிலத்தை விற்கலாகாது; நம்பிக்கை கெடுப்பின் நீக்கப்படுவான். உடற்குறையோ மனக்குறையோ உற்றார்க்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் வரையறுத்த காப்பாளரை அளிக்கின்றது. அக்காப்பாளர், குறித்த செயலுக்கும் குறித்த காலத்திற்கும் மட்டும், உரியவரோடு கலந்து அவர் விருப்பத்தின்படியே முடிவுசெய்தற்குரியர். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதை, நம்பிக்கை மோசடிக்கு ஐந்தாண்டுவரை சிறை விதிக்கின்றது.

எனினும், தண்டனை வேறு, இழந்த பொருள் மீளுதல் வேறு. தண்டனையால் முதியவர் உணவு கிடைத்துவிடாது. இவ்விடத்து அமெரிக்க நாட்டின் முறை கருதத்தக்கது. அங்கே தம் வரவு செலவைத் தாமே நடத்த இயலாத முதுபடைவீரர்க்கு அரசாங்கத் துறையே பொறுப்பாளரை அமர்த்துகின்றது. அவர் கூலி பெற அனுமதிக்கப்படின், அது மாத ஊதியத்தில் நூற்றுக்கு 4-க்கு மேற்படாது. பொறுப்பாளன் பணத்தைத் தவறாகச் செலவிடின், துறையின் கண்காணிப்புக் குறைவு இருந்தவிடத்தும், பத்துப்பேர்க்கோ அதற்கு மேற்பட்டார்க்கோ பொறுப்பேற்றவன் செய்தவிடத்தும், அரசே அத்தொகையை வீரர்க்கு மீளத் தருமாறு 2004-இல் சட்டம் செய்தனர். 2021 சனவரியில் இயற்றிய சட்டத்தால் இவ்வரம்பும் விரிவாக்கப்பட்டது. அமர்த்தினவர் தவறு நேர்ந்தபின் விலகி நிற்றலாகாது. இழப்பு எளியவர் தலையில் விழலாகாது என்பதே இதன் கருத்து.

நம் நாட்டில் முதிய வீரரின் ஊதியத்தைப் பெரும்பாலும் மன்றம் அமர்த்திய காப்பாளர் கையாளுவதில்லை. மகனோ மருமகனோ அண்டைவீட்டாரோ வங்கி அட்டையைக் கையில் வைத்திருப்பர். எழுத்தில்லை, பட்டியலில்லை, கணக்கில்லை. அவருட் பலர் அன்பினாலேயே இப்பணியைச் செய்வர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பு கணக்கிற்குப் பகையன்று. சுவிசேஷத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமையிலும் தலைவன் முதற்கண் வேண்டியது கணக்கையே அன்றோ? கணக்கு நேர்மையுடையானைப் பழியினின்று காக்கும், நேர்மையற்றவனை அஞ்சுவிக்கும்.

ஆதலின், மாணவ அன்பர்காள், உங்கள் தெருவிலோ உறவிலோ இத்தகைய முதியவர் இருப்பின், திங்கள்தோறும் அவருடைய வங்கிப் புத்தகத்தை அவர்க்குப் படித்துக் காட்டுங்கள். அட்டையின் மறைவெண்ணைப் பலரும் அறியாவாறு பார்த்துக்கொள்ளுங்கள். எழுதப்படாத பத்திரத்தில் அவரைக் கையொப்பமிட விடாதீர்கள். ஊதியத்தை வாங்கிக்கொண்டு அவரைப் பசியில் விடும் மக்கள் உளராயின், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மூத்தோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்ட அலுவலர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உண்டு. அங்கே செய்தி சொல்லுதல் புறங்கூறுதல் ஆகாது. பச்சையப்பர் அறத்தின்பொருட்டு ஒருவர் எழுந்து கேட்டார். கேட்க நாவெழாத முதுவீரர்பொருட்டு அங்ஙனம் கேட்டல், கற்றார் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையாம்.