உடன்பிறந்தார்க்கு எழுதும் உறவுக் கடிதம்



உறவுக் கடிதம் எழுதுக என்றால் உங்களுள் பலர், "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, "இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரும் நலமா?" என நான்கு வரி எழுதி, "இப்படிக்கு, அன்புத் தங்கை" என்று முடித்துவிடுகிறீர்கள். முகவரி, தேதி, விளி, கையொப்பம் யாவும் உரிய இடத்தில் அமைந்துள்ளன. எழுத்துப் பிழையும் இல்லை. புள்ளியும் கிடைத்துவிடும். ஆயினும், அக்கடிதத்தைப் பிரித்துப் படித்த அண்ணன் அதனால் அறிந்துகொண்டது யாது? ஒன்றுமில்லை. பிரிந்து சென்ற உடன்பிறப்புக்குச் செய்தி எழுதுதல் எத்துணைப் பொறுப்பான செயல் என்பதை, நம் மக்களின் வரலாற்றைக் கொண்டே இங்கு விளக்கப் புகுகின்றோம்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் வந்திறங்கினர். அத்துறைமுகத்துக்கு அக்காலத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று பெயர். 1972இல்தான் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணிகள் ஆள் திரட்டி வந்ததும் 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் நின்றது. இவ்வாறு வந்தவர்களுள் பெரும்பாலோர்க்கு ஊரில் அண்ணனோ தம்பியோ அக்காளோ இருந்தனர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் 1973 வரை ஆட்களை ஏற்றி வந்ததைப் பெரியோர் இன்றும் கூறக் கேட்கலாம்.

தோட்டங்களில் கடிதம் அலுவலகத்துக்கு வரும். கிராணியார் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். எழுத்தறியாதவர்கள் பள்ளி ஆசிரியரிடமோ, பள்ளியிற் படிக்கும் பிள்ளையிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்வர். நாமும் சிறு வயதில் லயத்து வீடுகளில் இப்பணியைச் செய்ததுண்டு. நீல நிற வான்மடலை விரித்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்கள் பாட்டி" என்போம். அவர்கள் "நலம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியதே இல்லை. செவலைப் பசு கன்று போட்டது, திருவிழாவில் யார் காவடி எடுத்தார், புதிய மருமகள் வெட்டுக்குப் போகிறாளா என்பன எல்லாம் எழுதியாக வேண்டும். மடிப்பின் ஓரத்தில் இடம் இருந்தால் அங்கும் ஒரு வரி. ஒட்டுவதற்கு முன் முழுதும் ஒருமுறை படித்துக் காட்டவும் வேண்டும். சொன்னவர்க்கு எழுத்தறிவு இல்லை. கடிதத்தில் எது இருக்க வேண்டும் என்னும் அறிவு நிரம்ப இருந்தது.

இத்தொடர்பு ஒருமுறை அடியோடு அறுந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர்; 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் அவர்கள் கைப்பட்டது. 1945 வரை ஊர்க் கடிதப் போக்குவரத்துக்கு வழியில்லை. அக்காலத்தில்தான் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தம்பி இருக்கின்றானா, இறந்தானா என்பதை அறியாமலே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்ணன்மார் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

பின்னர் வேறொரு பிரிவு நேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும் என்றாயிற்று. இங்குப் பிறந்த இளையவரிடம் நீல நிற அடையாள அட்டை. ஊரிலிருந்து சிறு வயதில் வந்த மூத்தவரிடம் சிவப்பு நிற அட்டை. ஒரே வீட்டில் இவ்விரண்டும் இருந்தன. 1969, 1970ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் தொழிலாளர் கப்பலேறித் திரும்பினர். அன்று முதல், பிரிந்து சென்றவர் அங்கும், செய்தி எழுத வேண்டியவர் இங்கும் என நிலைமை தலைகீழாயிற்று.

இங்குதான் நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டிய பாடம் இருக்கிறது. தோட்டங்கள் நகரங்களாயின. எஃபிங்ஹாம் தோட்டத்தில் 1950களில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. சீஃபீல்டு தோட்ட நிலத்தில் 1970களில் சுபாங் ஜெயா எழுந்தது. லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் சிதறினர். தமிழ்நாட்டிலிருந்த அண்ணனோ பழைய தோட்டத்தின் பெயருக்கே எழுதிக்கொண்டிருந்தார். அங்கும் முகவரி அப்படியே இருந்துவிடவில்லை. சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. தஞ்சை மாவட்டத்து ஊர்கள் பல 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தன. 1972இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணும் வந்தது. இரண்டு புறமும் முகவரி மாறி, இரண்டு புறமும் தெரிவிக்காமல் விட்டுப் பிரிந்துபோன குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களிடையே சண்டை சச்சரவு எதுவும் இருந்ததில்லை. வீடு மாறிய செய்தியை யாரும் எழுதவில்லை, அவ்வளவே.

ஆதலின் இடத்தைப் பற்றிய செய்தியைச் சிறு செய்தி என்று தள்ளாதீர்கள். பிரிக்பீல்ட்சை எடுத்துக்கொள்வோம். இரயில்வேத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் குடியிருந்த ஊர் அது. பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று துன் சம்பந்தன் சாலை. 2001இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010இல் அவ்வட்டாரம் 'லிட்டல் இந்தியா' ஆயிற்று. நூறு வீடுகள் என்று வழங்கிய இரயில்வேக் குடியிருப்பு அதன்பின் இடிக்கப்பட்டது. அங்குப் பிறந்து அயல்நாடு சென்ற ஒருவர், தங்கை எழுதியிராவிடில், இல்லாத வீட்டின் வாசலையே நினைத்துக்கொண்டிருப்பார் அன்றோ?

துன்பச் செய்தியை எழுதலாமா என்று கேட்பீர்கள். "தூர தேசத்தில் தனியே இருக்கிறான், மனம் தாங்கமாட்டான்" என்று மறைப்பதே நம்மவர் வழக்கம். நாம் அதனை ஏற்பதில்லை. மறைத்த செய்தி வேறொருவர் வாயிலாகச் சென்று சேரும். அப்பொழுது அவர் இருமடங்கு வருந்துவார். ஆனால் எழுதும் முறை ஒன்றுண்டு: என்ன நேர்ந்தது, மருத்துவர் என்ன கூறினார், உடனிருந்து பார்ப்பவர் யார் என்பவற்றை அடுத்தடுத்து எழுதிவிடுங்கள். "அம்மாவுக்கு உடல்நலமில்லை" என்று மட்டும் எழுதி நிறுத்துவது கொடுமை.

இங்கிலாந்தில் வேலை செய்யும் அண்ணனுக்குக் கிள்ளானிலிருந்து தங்கை எழுதுவதாகக் கொண்டு, மாதிரிக் கடிதம் ஒன்று காண்க:

"அன்புள்ள அண்ணாவுக்கு, வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. மருத்துவமனையில் காட்டினோம். அறுவைச் சிகிச்சை வேண்டாம், படி ஏறுவதைக் குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். நம் வீடோ மூன்றாம் மாடி. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் நான் மட்டும் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டு வருகிறேன். எதிர்வீட்டு அத்தை மகனோடு சிரம்பானுக்குப் போய்விட்டார்; தம் கறிவேப்பிலைத் தொட்டியை நம் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நம் பழைய லயம் இருந்த இடத்தில் பேரங்காடி கட்டிவிட்டார்கள். பேருந்து அவ்வழியே போகும்போது அப்பா மறுபக்கம் பார்த்துக்கொள்கிறார். தம்பி கணிதத்தில் தேறவில்லை. அதை எழுத வேண்டாம் என்றார் அப்பா; எழுதச் சொன்னவன் தம்பியே. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் தொலைபேசியில் சொல்லிக்கொடுப்பீர்களாம்."

இதில் அணியுமில்லை, பழமொழியுமில்லை. ஆயினும் அண்ணனுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. வாசலில் புதிதாக ஒரு தொட்டி இருப்பதும் தெரிந்தது.

இப்பொழுது புலனத்தில் நொடியில் செய்தி போகிறதே என்பீர்கள். போகட்டும், நன்றே. காலை வணக்கப் படங்களை நாளும் அனுப்பும் அண்ணன் தம்பியர், வீட்டில் நடந்ததை ஒருவர்க்கொருவர் அறியாதிருப்பதையும் காண்கிறோம். தாளில் எழுதினாலும் கைப்பேசியில் எழுதினாலும் மேற்கூறியவை பொருந்தும்.

பயிற்சி: உங்கள் தாத்தா பாட்டியிடம், பிரிந்து சென்ற உடன்பிறப்பு எவரேனும் உண்டா எனக் கேளுங்கள். முகவரியை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு முகவரியாயின் 6 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் உள்ளதா எனப் பாருங்கள். உங்கள் வீட்டு முகவரியை ஐந்து இலக்க அஞ்சல் எண்ணோடு உறையின் பின்புறம் எழுதுங்கள். சென்ற ஓராண்டில் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நிகழ்ந்தவற்றுள் ஐந்தினைத் தேர்ந்து, ஒரு பக்க அளவில் கடிதம் எழுதி, வகுப்பாசிரியரிடம் காட்டிய பின் அஞ்சலிற் சேர்க்கவும்.