மூடிய பாதை

எம்.கே.பி. நகரிலிருந்து இராயபுரம் வழியே கடற்கரைப் பக்கம் செல்வோர், துறைமுகத்துப் பளுதூக்கிகளின் கம்பிவடங்களில் கொக்கிகள் ஆடுவதைக் காண்பர். அவ்வாட்டத்தை வீட்டிலேயே ஆராயலாம். உத்தரத்தில் கட்டிய நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, சிறிது விலக்கிப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுக. கல் நீள்வட்டம் ஒன்றில் சென்று, புறப்பட்ட இடத்தையே மீண்டும் அடைகிறது. இவ்வாறு தன்னைத் தானே வந்து சேரும் வழியை மூடிய பாதை என்பர்.

கல்லை நடுவிடம் நோக்கி இழுக்கும் விசை, ஆட்டம் சிறிதாக உள்ளவரை, தொலைவு இருமடங்கானால் தானும் இருமடங்காகும். கதிரவனின் ஈர்ப்போ இதற்கு மாறானது. தொலைவு இருமடங்கானால் அது நான்கில் ஒன்றாகக் குறையும். ஆயினும் கோள்களின் பாதையும் நீள்வட்டமே! 1861 ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தில் நார்மன் போக்சன் கண்டறிந்த ‘ஆசியா’ என்னும் சிறுகோளும் அத்தகைய பாதையில், ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றி வருகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. கல்லுக்கு நடுவிடமே நீள்வட்டத்தின் மையம். ஆதலின் ஒரு சுற்றில் அது இருமுறை நடுவிடத்தை நெருங்கி இருமுறை விலகும். கதிரவன் இருப்பதோ மையத்திலன்று, ஒருபுறம் ஒதுங்கிய குவியத்தில். சிறுகோள் ஒரு சுற்றில் ஒருமுறையே நெருங்கி ஒருமுறையே விலகும்.

சுற்றும் காலமும் நெருங்கி விலகும் காலமும் இவ்வாறு பொருந்தினால்தான் பாதை மூடும். பொருந்தாவிடில், பூவிதழ் மேல் பூவிதழ் அடுக்கியதுபோல் அது திரும்பிக்கொண்டே போகும். மைய விசைகள் எத்தனையோ வகையாக இருக்கலாம். அவற்றுள், கட்டுக்குள் அடங்கிய பாதைகள் அனைத்தையும் மூடச் செய்பவை மேற்கூறிய இரண்டே என்று 1873 இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் பெர்த்ரான் நிறுவினார்.

விதி சிறிது பிறழ்ந்தாலும் பாதை அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். கல்லை அகல வீசி ஆட்டினால் இழுவிசை முன்சொன்ன அளவிலிருந்து சற்று விலகும். உடனே நீள்வட்டமும் மெல்லத் திரும்பத் தொடங்கும். புதன் கோளின் பாதையும் அவ்வாறே திரும்புகிறது. அதற்குப் பிற கோள்களின் இழுப்பே பெரும்பாலும் காரணம். அதனைக் கழித்த பின்னும், நூறாண்டுக்கு 43 விகலை எஞ்சி நின்றது. ஒரு பாகைக்கு 3,600 விகலை. அந்த வேகத்தில் ஒரே ஒரு பாகை திரும்ப எண்ணாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்! அத்துணைச் சிறிய பிழையையும் வானியலார் புறக்கணிக்கவில்லை. காணாத கோள் ஒன்று இழுக்கிறதோ என்று ஐயுற்றுத் தேடினர், அகப்படவில்லை. 1915 இல் ஐன்ஸ்டைன் தம் புதிய ஈர்ப்புக் கொள்கையைக்கொண்டு கணக்கிட்டபோது, அதே 43 விகலை விடையாகக் கிடைத்தது.