செவிகொடுக்கும் குடும்பம்

விசுவாசம் எப்படி வளர்கிறது? கோயிலுக்குப் போவதனால், செபம் சொல்வதனால் என்று உடனே விடை சொல்வோம். அது உண்மையே. ஆயினும் விசுவாசம் செவிவழியாகவே உள்ளத்தில் நுழைகிறது என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் கற்பிக்கிறார். ஆகவே, ஒருவருக்கொருவர் செவிகொடாத வீட்டில் விசுவாசம் வேர்விடுவது கடினம்.

இதற்குச் சான்று தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. திருக்கேதீஸ்வரம் அமைந்துள்ள நமது மாந்தை மண்ணே போதும்.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் துரத்தப்பட்டனர். 1670இல் மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டு வழியே சென்று மருதமடுவில் தஞ்சம் புகுந்தன. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்திய யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடம் பூண்டு இந்நாட்டில் கால்வைத்தது 1687இலேதான்.

அதுவரை நம் முன்னோரின் விசுவாசத்தைக் காத்தது எது? வீடுதான். தாய் சொல்லப் பிள்ளை கேட்டது. ஒருவர் செபம் தொடங்க மற்றவர்கள் மறுமொழி கூறினர். இருந்த சோற்றைப் பகிர்ந்து உண்டனர். கேட்டலும் பகிர்தலுமே அவர்களுக்குக் கோயிலாயின.

இன்று கோயிலுமுண்டு, குருவுமுண்டு. ஆனால் வீட்டில் கேட்பார் உண்டா? கடலால் களைத்து வந்த தகப்பனின் கவலையை யார் கேட்கிறார்? பிள்ளை பேசத் தொடங்குமுன் நாம் புத்தி சொல்லத் தொடங்குகிறோம். ஒரே கூரையின்கீழ் ஒவ்வொருவரும் தத்தம் கைத்தொலைபேசியோடு இருக்கிறோம்.

எம்மாவுஸ் வழியில் நம் ஆண்டவர் செய்ததைப் பாருங்கள். சீடர் இருவரும் மனமுடைந்து நடக்கிறார்கள். அவர் உடனே போதிக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் துயரம் முழுவதையும் சொல்லவிட்டார். அதன் பின்னரே வேதவாக்கியங்களை விளக்கினார், அப்பத்தையும் பிட்டார். முதலில் செவி, பிறகு சொல், பிறகு பகிர்வு. இதுவே ஆண்டவர் காட்டிய ஒழுங்கு.

இந்தச் செவி வீட்டு வாசலோடு நின்றுவிடலாகாது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரக் கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டது. நமக்கு 1670இன் நினைவு இருப்பதுபோல் நமது சைவ அயலவருக்கும் ஒரு நினைவு உண்டு. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீஸ்வர வீதி வளைவு தொடர்பாக எழுந்த பிணக்கு இரு சமூகத்தார் மனத்தையும் புண்படுத்தியதை நாம் அறிவோம். அந்நாளில் நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்டது எதை? கோபத்தையா, சமாதானத்தையா? அயலவரைப்பற்றி வீட்டில் பேசுவதே பிள்ளைக்கு முதலாவது ஞானோபதேசம். தன் வேதனையை மட்டும் நினைப்பவன் பாதி மனிதன். பிறர் வேதனைக்கும் செவிசாய்ப்பவனே கிறிஸ்துவின் சீடன்.

இவ்வாரம் வீட்டில் செய்ய:

1. செபமாலைக்குப்பின் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் அன்றைய நாளைப்பற்றிப் பேசட்டும். மற்றவர்கள் குறுக்கிடாது கேட்கட்டும்.

2. நெடுநாள் பேசாதிருக்கும் உறவினர் ஒருவரைத் தேடிச்சென்று, முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

3. அயலிலுள்ள சைவக் குடும்பமொன்றின் சுகதுக்கத்தை விசாரியுங்கள்.

மாந்தையிலிருந்து மாதாவைச் சுமந்துசென்ற அக்குடும்பங்கள் தங்கள் விசுவாசத்தையும் நமக்காகச் சுமந்தன. அதை நம் பிள்ளைகளிடம் கையளிக்க, முதலில் அவர்களுக்குச் செவிகொடுப்போம்.